மலைத் தண்ணீரில் சினை மீனைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குன்னூரிலிருந்து:

நம் கிழக்குக் கடற்கரையில் கடல் மீனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மார்க்கெட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டாலே காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. முன்பு 45 நாளாக இருந்ததை மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாளாக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் நம் நீலகிரி ஓடையிலும் ஏரியிலும் இருக்கிற மீன் எப்போது முட்டை போடுகிறது? யாரைக் கேட்டாலும் 'மழைக்காலத்தில்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். எந்த மாதம், எந்தத் தண்ணீர், என்ன பார்த்தீர்கள் என்று இருந்தால் போதும்.

எமரால்டிலிருந்து:

டிரவுட் என்கிற குளிர்நீர் மீனுக்கு மழைக்காலம் இல்லை அண்ணா, பனிக்காலம். என் மாமா அவலாஞ்சி மீன் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் மார்கழி விடியலில் அவர் பின்னாலேயே போய் நின்று பார்த்திருக்கிறேன்.

கார்த்திகையில் குளிர் இறங்கியதும் தொட்டியில் ஆண் மீனின் தோற்றமே மாறும். உடம்பு கறுக்கும், பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டை அடர்த்தியாகும், கீழ்த்தாடையின் நுனி மேலே வளையும். பெண் மீனுக்கு வயிறு பருத்துத் தொட்டால் மெத்தென்று இருக்கும். மாமா ஒவ்வொரு பெண் மீனையும் கையில் எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். முட்டை இன்னும் பழுக்கவில்லை என்று தெரிந்தால் அழுத்தவே மாட்டார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். பழுக்காத மீனை அழுத்தினால் உள்ளே காயப்பட்டுச் செத்துப்போகும்.

பழுத்த மீனாக இருந்தால் ஈரத் துணியால் வாலைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் வயிற்றை மேலிருந்து கீழாக நீவுவார். ஆரஞ்சு நிற முட்டை சரசரவென்று பேசினில் விழும். ஒவ்வொன்றும் 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள மீனிடம் இரண்டாயிரம் முட்டை வரை கிடைக்கும். அந்தப் பேசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, அதில் மாமா மிகவும் கறார். காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் பட்ட உடனே விந்தணு துடித்து நீந்த ஆரம்பிக்கும், ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. முட்டையும் தண்ணீரை உறிஞ்சி உப்பும், அப்போது விந்தணு நுழைகிற நுண்ணிய துளை அடைபட்டுவிடும். அதனால்தான் உலர்ந்த பேசினில் முதலில் முட்டை, அதன்மேல் ஆண் மீனின் வெள்ளைப் பால் போன்ற விந்து, ஒரு இறகால் மெதுவாகக் கலக்கல், அப்புறம்தான் தண்ணீர்.

பிறகு தட்டில் பரப்பி, ஓடும் தண்ணீரில் இருட்டில் வைப்பார்கள். 10 டிகிரி குளிரில் பொரிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். பாதிக் காலம் கழிந்ததும் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி தெரியும். அது குஞ்சின் கண். அதுவரை தட்டைத் தட்டவோ ஆட்டவோ கூடாது, கரு தாங்காது. கண் தெரிந்த பிறகு செத்து வெளுத்த முட்டையைப் பொறுக்குவார்கள், விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். பொரிந்த குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருப் பையைச் சுமந்துகொண்டு அடியிலேயே கிடக்கும். அந்தப் பை வற்றும்வரை அதற்கு இரை போட வேண்டியதில்லை.

1860களில் பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று கைகூடாமல் போயிருக்கிறது. மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் 1907ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கிய பிறகுதான் மீன் இங்கே காலூன்றியது. கடல் கடந்து வந்த மீன் என்றாலும் அந்த முட்டைத் தட்டைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு.

ஊட்டியிலிருந்து:

ஏரியில் இருக்கிற கண்ணாடிக் கெண்டையும் வெளியூர் மீன்தான். 1939ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது டிரவுட் மாதிரி இல்லை, கரையோரப் பாசியில் முட்டையை ஒட்டவைக்கும். நான் பார்த்தது பிப்ரவரி மாதம், காலை நேரம். பெண் மீன் ஒன்று செடிக்குள் புகுந்தது, பின்னாலேயே இரண்டு மூன்று ஆண் மீன்கள் இடித்துக்கொண்டு துரத்தின, முழங்கால் ஆழத்தில் தண்ணீர் கொந்தளித்தது. செடியைத் தொட்டுப் பார்த்தேன், கடுகளவு முட்டை இலை முழுக்க ஒட்டியிருந்தது. ஒரு கிலோ மீனுக்கு லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும் என்கிறார்கள், அதில் முக்கால்வாசி மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கூடலூரிலிருந்து:

எமரால்டு தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு பக்குவமாகக் கையாளுகிறார்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெளிநாட்டு மீனுக்குப் பொரிப்பகம் இருக்கிறது. நம்ம ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஓடையும் வயலும் தவிர வேறென்ன இருக்கிறது?

எங்கள் பக்கம் ஜூன் மாதம் தென்மேற்கு மழை பிடித்ததும் பாண்டியாற்றில் விழும் ஓடைகள் கலங்கலாக நிறையும். வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். அன்றைக்கு இரவே முட்டை போட மீன் ஏற ஆரம்பிக்கும். புதுத் தண்ணீரின் வேகத்தை எதிர்த்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் முதுகு வெளியே தெரிய வரும். வரப்பு மடையில் ஒரு சாண் உயரம் எழும்பிக் குதிக்கும், விழும், மறுபடி குதிக்கும். வெள்ளம் புதிதாக நனைத்த வயலில் அப்போது பெரிய மீன் குறைவு, குஞ்சுக்குத் தேவையான நுண்ணுயிர் நிறைய. அதற்காகத்தான் இந்தப் பாடு.

அந்த நேரம் பார்த்து மடையில் மீன் பிடிக்கும் கூடு வைத்துவிடுகிறார்கள். டார்ச் அடித்து வெட்டுகிறவர்களும் உண்டு. ஒரு வருஷம் பக்கத்து வீட்டில் வாளி நிறையக் கெளுத்தி கொண்டுவந்து, எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். அலசும்போது ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் முட்டை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேரளத்தில் இதை 'ஊத்தப் பிடுத்தம்' என்பார்கள், சட்டப்படி அங்கே தடை. வாய்க்காலுக்கு மாநில எல்லை கிடையாது, ஆனால் எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. என் சிறுவயதில் வயலில் கண்ட விரால் கூட்டம், அதன் சிவப்புக் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் காவல் காத்துச் சுற்றுவது, இப்போது அபூர்வம். பூச்சி மருந்தும் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

கோத்தகிரியிலிருந்து:

மீன் இல்லை, நண்டு. தேயிலைத் தோட்டத்து ஓடையில் மே மாதக் கோடை மழைக்குப் பிறகு கல்லைப் புரட்டியபோது என் மகள் ஒரு நண்டைப் பிடித்தாள். வயிற்று மடிப்பு சற்றே விரிந்திருந்தது. உள்ளே குட்டிக் குட்டி நண்டுகள், முழு உருவத்தோடு, கால் அசைத்துக்கொண்டு! கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டை போட்டு, குஞ்சு தண்ணீரில் மிதந்து பல உருவம் மாறித்தான் நண்டாகும். ஓடை நண்டுக்கு அது கிடையாது. கொஞ்சம் முட்டைதான், அளவில் பெரியது, பொரிந்ததே நண்டாக வெளிவரும், தாயும் சில நாள் சுமந்து திரியும். அப்படியென்றால் ஒரு தாய் நண்டை எடுத்தால் அந்த ஓடைக்கு எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். எடுத்த அதே கல்லடியில் விடச் சொன்னேன், விட்டாள்.

குன்னூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ஒன்று நானும் பார்த்ததைச் சொல்கிறேன். ஜூலையில் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து வரும் மத்தியை அரிந்தால் நிறைய சினை இருக்கும். கேரளக் கரையில் தடைக்காலம் ஜூன், ஜூலையில் வரும், ஆனால் அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப் படகு கடலுக்குப் போகும். மத்தி முட்டை போடுவதும் அந்த மழை மாதங்களில்தான். அதனால் அந்த இரண்டு மாதம் நான் மத்தி வாங்குவதை விட்டுவிட்டேன்.

கூடலூர் அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. மீன் பிடிக்கவே கூடாது என்றால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை நாள் விட்டால் போதும்?

கூடலூரிலிருந்து:

சரியான கேள்வி தம்பி. நான் பார்த்தவரை முதல் பெரிய மழைக்கு அடுத்த மூன்று நாலு நாள்தான் மீன் கூட்டமாக ஏறுவது. அந்த நாட்களில் மடையில் கூடு வைக்காமல், வாய்க்காலைக் குறுக்கே அடைக்காமல் இருந்தாலே போதும். முட்டை விட்ட மீன் மழை வெறித்தபின் ஆற்றுக்குத் திரும்பும், அப்போது தூண்டில் போட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். இதைத்தான் எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மற்றவர்களிடம் ஜூன் பிறப்பதற்குள் இன்னொரு தடவை போய்ப் பேச வேண்டும்.