தகரக் கூரையில் ஓட்டை போடாம ஆங்கர் (பாதுகாப்புக் கயிற்றை மாட்டுற பிடிப்பு): யாராவது யோசனை சொல்லுங்க

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் பழைய பட்டறை, கூரை ஓரம் 5 மீட்டர் உயரம். மழைக்காலத்துக்கு முன்னாடி கூரைக் கால்வாயில் அடைச்ச இலை, சகதியை அள்ளணும். 3 மீட்டருக்கு மேல விழ வாய்ப்பிருக்கு, அதனால உயரத்தில் வேலை செய்யுற பெர்மிட் போட்டாச்சு.

விழுந்தா கீழே எவ்வளவு இடம் வேணும்ங்கிற கணக்கில்தான் சிக்கல். கயிறு 2 மீட்டர், அதிர்ச்சியைத் தாங்குற பட்டை (ஷாக் அப்சார்பர்) கிழிஞ்சு நீண்டா 1.75, பெல்ட்டோட முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்புக்கு 1. மொத்தம் 6.25. காலடியில் ஆங்கர் இருந்தா, பெல்ட் பிடிக்கிறதுக்குள்ள ஆள் தரையில். அதனால ஓரத்தைத் தாண்ட முடியாதபடி கயிற்றைக் குறுக்கிக் கட்டுறதுதான் சரி.

ஆனா ஓட்டை போட்டா ஒழுகும்னு ஓனர் ஒத்துக்கல. தகட்டு மடிப்பைக் கவ்வுற கிளாம்ப் ஆங்கர் யாராவது போட்டிருக்கீங்களா? கடல்காத்துல துருவேறின தகட்டுல அது நிக்குமா? சோதிச்சு கையெழுத்துப் போட எந்த மாதிரி இன்ஜினியரைக் கூப்பிடணும்?

இன்னொண்ணு, இதுதான் அதிக பயம்: வெளிச்சத்துக்கு வெச்ச பிளாஸ்டிக் தகடு வெயில்ல நொறுங்கி, பாசி படிஞ்சு, தகரத்தோட நிறத்துக்கே வந்திருக்கு. மிதிச்சா நேரா உள்ளே. பிளைவுட்டை சும்மா போட்டா நகரும். மேல கம்பி வலை, இல்ல அடியில் வலை, எது கட்டுறீங்க? ஆளை மேலே தூக்குற பூம் லிஃப்ட் வண்டி நுழைய வழியில்லை.