புதுப்பிப்பு: 10 டன் பேக்கேஜ் ஏசியில் காற்று குறைந்த விஷயம்

சென்னைக் கல்யாண மண்டபத்தின் 10 டன் (குளிர்விக்கும் திறன்) டக்டபிள் யூனிட்டில், அதாவது டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியே குளிர்காற்று அனுப்பும் ஏசியில், காற்று போதவில்லை என்று கேட்டிருந்தேன். டன்னுக்கு 400 வீதம் 4,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரவேண்டியது, அளந்தால் 3,200.

ஃபேன் வேகத்தைக் கூட்ட, பெல்ட் ஓடும் புல்லியை மாற்றச் சொன்னீர்கள். 4,000 வர வேகம் 25% ஏறணும். மின்சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும் என்பதால் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த மோட்டார் புகைந்துவிடும்!

ஃபேன் வாயை ஒட்டியிருந்த எல்போவை (டக்ட் வளைவு) எடுத்துவிட்டு நேர் டக்ட் கொடுத்தோம். இப்போது 3,700. தடை குறைந்தால் ஃபார்வர்டு கர்வ் ஃபேன் (இறக்கைகள் சுழலும் திசையில் வளைந்தது) கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கிளாம்ப் மீட்டரில் பார்த்தோம், மோட்டாரின் பெயர்ப்பலகை அளவுக்குள்தான்.

டன்னுக்கு 370 என்பது நம்மூர்ப் புழுக்கத்துக்கு நல்லதுதான், ஏசியின் குளிர்ந்த காயில் (coil) ஈரத்தை நன்றாகப் பிழியும். 15 டன் போடச் சொன்னவர்களுக்கு: பெரிய யூனிட் சட்டென்று குளிர்வித்து கட்டாகும், ஈரம் அப்படியே நிற்கும்.