நீலக் கண்ணை வாசலில் மாட்டலாமா?

குழு: பனைவிளைக் குடும்பத்தார்

எஸ்தர் சித்தி: [படம்] எருசலேம் பழைய நகரச் சந்தையில் வாங்கியது. விரித்த கை, உள்ளங்கையின் நடுவில் நீலக் கண். ஹம்சா என்று கடைக்காரர் சொன்னார். புது வீட்டு நிலைவாசலில் மாட்டலாமா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

நவமணி அத்தை: அழகாக இருக்கிறது எஸ்தர். கண்ணேறு அண்டாது. மாட்டிவிடு.

பெரியப்பா: வாசலில் பூசணிக்காய் கட்டுகிறவர்களைப் பற்றி இந்தக் குடும்பம் எத்தனை வருஷமாக முகம் சுளித்திருக்கிறது! எருசலேமிலிருந்து வந்தால் மட்டும் பரிசுத்தமாகிவிடுமா?

ஜான்சன் சித்தப்பா: அண்ணன், விடிந்ததும் தொடங்கிவிட்டீர்களா!

ஜெபா: [பகிரப்பட்டது] வேதத்தில் மறைக்கப்பட்ட மூன்றாவது கண்!! யாக்கோபு தேவனைக் கண்ட இடம் பெனியேல். நம் மூளையில் இருப்பது பீனியல் சுரப்பி. "உன் கண் தெளிவாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்" என்று இயேசு சொன்னது இதைத்தான். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

ஜெபா: ரூத் மதினி, இது உண்மையா? நீங்கள் பழைய ஏற்பாடு நடத்துகிறவர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ரூத் மதினி: இல்லை ஜெபா. பெனியேல் எபிரெயுப் பெயர். பீனியல் லத்தீனிலிருந்து வந்தது, பைன் மரத்துக் காய் போல இருப்பதால் வைத்தது. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதை விடு. மத்தேயு 6-ஐத் திறந்து, நீ அனுப்பிய வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

ஜெபா: முன்னால், "பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம்". பின்னால், "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது".

ஜெபா: இரண்டுமே பணத்தைப் பற்றியது.

ரூத் மதினி: அதுதான். பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறவர் நடுவில் சுரப்பியைப் பற்றி ஏன் பேசப்போகிறார்? அவர் பேச்சைக் கேட்ட யூதர்களுக்கு நல்ல கண் என்றால் கொடுக்கிற மனம், கெட்ட கண் என்றால் கொடுக்கப் பொறுக்காத மனம். இது அவர்களுக்கு நீதிமொழிகள் காலத்திலிருந்தே பழகிய பேச்சு. பெரிய மாமாவுக்கு மனப்பாடமாக இருக்கும்.

பெரியப்பா: 22:9. "கருணைக்கண்ணன் ஆசீர்வதிக்கப்படுவான், அவன் தன் ஆகாரத்தில் தரித்திரனுக்குக் கொடுக்கிறான்." 23:6. "வன்கண்ணனுடைய ஆகாரத்தைப் புசியாதே."

ஜான்சன் சித்தப்பா: போன மாதம் கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் கேட்டபோது வாளியைத் திருப்பிக்கொண்டு போனாரே ஒருவர், அவர் நினைவுக்கு வருகிறார்.

பெரியப்பா: உனக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் கருணைக்கண்ணன்தான்.

ரூத் மதினி: உபாகமம் 15-ஐயும் பாருங்கள். ஏழாம் வருஷம் கடன் எல்லாம் தள்ளுபடி. அது நெருங்கும்போது, "இப்போது கொடுத்தால் திரும்ப வராதே" என்று ஏழைச் சகோதரனுக்குக் கையை மூடிக்கொள்கிறவனைத்தான் மோசே வன்கண் வைக்கிறவன் என்கிறார். அவன் யாரையும் உற்றுப் பார்த்துச் சபிக்கவில்லை. கடன் கொடுக்கவில்லை, அவ்வளவே. திராட்சத்தோட்ட உவமையும் அப்படித்தான். சாயங்காலம் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி ஒரு பணம். காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முறுமுறுக்கிறான். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

நவமணி அத்தை: அந்த உவமையில் எனக்கு எப்போதுமே காலையில் வந்தவன் பக்கம்தான் நியாயம் தெரியும்.

ரூத் மதினி: எனக்கும்தான் அத்தை. உவமை நம்மைப் பிடிக்கிற இடமும் அதுதான்.

நவமணி அத்தை: அப்படியானால் யூதர்களுக்குக் கண்ணேறு பயமே கிடையாதா?

ரூத் மதினி: நிறையவே உண்டு. ராவ் என்ற பெரிய ரபி, அதாவது யூத போதகர், ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்து, இங்கே 99 பேர் கண்ணேறால் செத்தவர்கள், ஒருவன்தான் இயல்பாகச் செத்தவன் என்றாராம். ரபிகளின் போதனைகளைத் தொகுத்த தால்மூதில் இருக்கிறது. புது ஊருக்குள் நுழைகிறவனுக்குப் பயமாக இருந்தால், வலது கட்டைவிரலை இடது கைக்குள்ளும் இடது கட்டைவிரலை வலது கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, "நான் யோசேப்பின் வித்து" என்று சொல்ல வேண்டும் என்ற வழியும் அங்கே உண்டு.

ஜெபா: ஏன் யோசேப்பு?

ரூத் மதினி: மீனைத் தண்ணீர் மூடியிருப்பதால் கண் படாது, யோசேப்பின் சந்ததியும் அப்படி என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது அடுத்த விளக்கம். தனக்குச் சொந்தமில்லாததை, அதாவது தன் எஜமான் போத்திபாரின் மனைவியை, அனுபவிக்க விரும்பாத கண் அவனுடையது. அப்படிப்பட்டவன்மேல் எந்தக் கெட்ட கண்ணுக்கும் அதிகாரம் இல்லையாம்.

பெரியப்பா: இது நன்றாக இருக்கிறது. ஜனங்களைத் தலை எண்ணாமல் ஆளுக்கு அரைச்சேக்கல் வாங்கி எண்ணச் சொன்னதும் இதற்காகவா?

ரூத் மதினி: யாத்திராகமம் 30-க்கு ராஷி அப்படித்தான் எழுதுகிறார், எண்ணப்பட்டதைக் கண் பிடிக்கும் என்று. அவர் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரைகாரர். வேத வசனம் கொள்ளைநோய் வராதபடிக்கு என்று மட்டும் சொல்கிறது; கண்ணைச் சேர்த்தது உரை.

எஸ்தர் சித்தி: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேற்குச் சுவரில் ஒன்று பார்த்தேன். ஜெபிக்கிறவர்கள் சில வார்த்தை சொல்லும்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அது என்ன?

ரூத் மதினி: "இஸ்ரவேலே, கேள்" என்ற உபாகமம் 6:4 சித்தி. மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலைத் தொகுத்த யூதா ஹநாசி அப்படிச் செய்தார் என்று தால்மூது சொல்கிறது. கவனம் சிதறாமல் இருக்க. மோசேயின் ஐந்து ஆகமங்களை எழுதிய தோரா சுருளில் அந்த வசனத்தின் முதல் சொல்லின் கடைசி எழுத்தையும், கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தையும் பெரிதாக எழுதுவார்கள். முதலாவது எழுத்தின் பெயர் "ஆயின்"; அந்தப் பெயருக்கே கண் என்றுதான் பொருள். இரண்டு எழுத்தையும் சேர்த்தால் "சாட்சி" என்ற எபிரெயுச் சொல்.

பெரியப்பா: கண்ணை மூடிக்கொண்டு சாட்சி சொல்கிறான். நல்ல வேடிக்கை.

ரூத் மதினி: கைக்கு வருகிறேன் சித்தி. ஹம்சா வேதத்தில் இல்லை. வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவில் யூதரும் முஸ்லிம்களும் சேர்ந்தே வைத்திருக்கிற வழக்கம். ஆனால் தாயத்தே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 1979-இல் எருசலேமில் கெத்தேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. கழுத்தில் அணிந்தவை. விரித்துப் பார்த்தால், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதம். சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய வேதச் சுருள்களைவிடப் பல நூற்றாண்டு பழையவை.

பெரியப்பா: அதில் கண் படம் இல்லை அல்லவா? வசனம்தானே. வீட்டுக்குள் கண் வேண்டுமென்றால் ஆகார் சொன்னது போதும். எஜமானியின் கொடுமைக்குத் தப்பி ஓடிய அடிமைப்பெண், வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவருக்கே பேரிட்டாள். எழுதிக் கொடுத்தால் நானே சட்டம் போட்டுத் தருகிறேன்.

எஸ்தர் சித்தி: அப்படியானால் கையை வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அலங்காரமாக வைக்கிறேன். வாசலுக்கு ஆகார்.

ரூத் மதினி: வீடு கட்டுவதைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. அயலானுடைய வயலில் கதிர் முற்றி நிற்கும்போது அதன் ஓரத்தில் நின்று பார்க்காதே என்று தால்மூது சொல்கிறது. பலர் கூடி வாழும் முற்றத்தில் அடுத்தவன் வாசலுக்கு நேராக வாசலும், ஜன்னலுக்கு நேராக ஜன்னலும் திறக்கக் கூடாது என்பது மிஷ்னா. பார்வையாலும் அயலானுக்குச் சேதம் உண்டு என்று சட்டமாகவே வைத்திருந்தார்கள். இஸ்ரவேலரைச் சபிக்க வந்த பிலேயாம் "யாக்கோபே, உன் கூடாரங்கள் எவ்வளவு அழகானவைகள்" என்று வாய்மாறியதும், கூடார வாசல்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாததைப் பார்த்துத்தான் என்கிறார்கள்.

ஜான்சன் சித்தப்பா: எஸ்தர், நம் மாடிப்படி ஜன்னல்.

எஸ்தர் சித்தி: தெரியும். அந்த வீட்டு அக்கா அடுப்பங்கரைக் கதவை இப்போது பகலிலும் சாத்தியே வைத்திருக்கிறார்கள்.

ஜான்சன் சித்தப்பா: கொத்தனாரிடம் கேட்டேன். ஜன்னலை உயர்த்தினால் செலவு அதிகம். மங்கல் கண்ணாடி போட்டால் போதுமாம்.

பெரியப்பா: கண்ணாடிச் செலவை நான் தருகிறேன்.

நவமணி அத்தை: அண்ணனா!

ஜான்சன் சித்தப்பா: ஜெபா, இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பு.

பெரியப்பா: ரசீதோடு வா.