மறுமொழி: கத்திப் பகுதி – ‘ஸ்ட்ராப்’, ‘ஹோனிங்’, ‘பர்’ மூன்றுக்கும் என்ன சொல்?

குடியாத்தத்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கூடாரம் சுமந்து போகிற பிள்ளைகளுக்கென்று வேலூர்த் தம்பி எழுதிவரும் கையேட்டில் கத்திப் பகுதியைப் படித்தேன். மடிந்த வாயை (வெட்டும் ஓரத்தை) நேராக்கும் ‘ஹோனிங்’, தீட்டும்போது வாயில் சுருண்டு எழும் ‘பர்’, கத்தியை இழுத்துத் தீட்டும் தோலான ‘ஸ்ட்ராப்’ மூன்றுக்கும் தமிழ் கேட்டிருந்தார். செய்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லில்தான் உண்டு. கூர்மையாக்கும் கல், கூர்மையாக்கும் கம்பி, கூர்மையாக்கும் தோல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘கூர்மையாக்கல்’. படிக்கிற பிள்ளை மூன்றிலும் ஒரே வேலைதான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வான். கல்லில் கத்தியை வாய் முன்னால் போகத் தள்ளலாம். தோலில் அப்படித் தள்ளினால் தோல் அறுபடும். தோலைப் பிடித்திருக்கும் விரலுக்கும் உத்தரவாதம் இல்லை. அங்கே கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். சொல்லழகுக்காக நான் சண்டை பிடிக்கவில்லை. கை வெட்டுப்படக் கூடாது, அதற்காகத்தான்.

> ‘கூர்மையாக்கல்’ எல்லாருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் பேச்சில் வராது. குடியாத்தத்தில் யாரும் கத்தியைக் ‘கூர்மையாக்கி’ நான் கேட்டதில்லை. சாணை பிடிப்போம், இல்லாவிட்டால் தீட்டுவோம். இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெருவில் கூவிவரும் சாணைக்காரரே காட்டிவிடுவார். சக்கரம் சுழலும், பொறி பறக்கும், இரும்பு கணிசமாகத் தேய்ந்துபோகும். வாயில் பல் விழுந்த கத்திக்கு அதுதான் வைத்தியம். தீட்டுவது கையால், அசையாத கல்லில், பொறுமையாக. சாணைச் சக்கரத்தை ஜமுனாமரத்தூர் வரை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஆகவே கையேட்டில் சாணை ஒரே வரியோடு சரி: கிளம்பும் முன் ஊரிலேயே பிடித்துக்கொள்.

‘விளிம்பு’ என்று போட்டிருப்பதையும் மாற்றலாம். விளிம்பு தட்டுக்கும் உண்டு, துணிக்கும் உண்டு, கத்திக்கு வாய். அதை வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும்: வாய் மழுங்கும், வாய் மடியும், வாயில் பல் விழும். மூன்றும் மூன்று வகைக் கோளாறு. முகாமில் அடிக்கடி நடப்பது நடுவில் இருப்பது. எவர்சில்வர் தட்டின் மேலோ பாறையின் மேலோ வைத்து வெங்காயம் நறுக்கினால், வாயின் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரும்பு எங்கும் போய்விடவில்லை, சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை நேராக்கத்தான் கம்பி. கறிக்கடை பாய் வெட்டுக்கு நடுவே கத்தியைக் கம்பியில் இப்படியும் அப்படியும் இழுப்பது இதற்காக. எனவே ‘ஹோனிங்’குக்கு நிமிர்த்தல் என்பேன், கம்பிக்கு நிமிர்த்துகம்பி. நுண்ணிய கல்லில் செய்யும் மெருகு வேலையையும் சிலர் ஹோனிங் என்றே சொல்கிறார்கள், தெரியும். நம் கையேட்டுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

> ‘பர்’ருக்கு ‘சிலும்பு’ வைக்கலாமா?

சிலும்பு மூங்கிலுக்கும் மரத்துக்கும். இரும்புக்குப் பிசிறு. லேத் பட்டறையில் ‘பிசிறு எடுத்தாச்சா?’ என்று நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல். இதற்குக் கையேட்டில் கூடுதல் இடம் கொடுங்கள்; தீட்டத் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவது இங்கேதான். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, வாயின் இரும்பு மெலிந்து மறுபக்கமாக மயிரிழைபோல் சுருண்டு நிற்கும். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து வாய்ப்பக்கம் குறுக்காகத் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். பிடியோரத்திலிருந்து நுனிவரை பிசிறு எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிறு எழுமுன்பே திருப்பித் திருப்பித் தேய்ப்பவர்கள் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் தக்காளித் தோலில் கத்தி வழுக்கத்தான் செய்யும். கோணம் பக்கத்துக்கு 20 டிகிரிக்கு முன்பின்னாக இருந்தால் போதும். காகிதத்தின் செங்கோண மூலையை இரண்டு முறை பாதி பாதியாக மடித்தால் 22.5 டிகிரி வந்துவிடும். அதைக் கல்மேல் நிறுத்திக் கத்தியைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

> ‘செரேஷன்’னுக்குப் ‘பல்’ போதாதா?

போதாது. பல் விழுவது கோளாறு என்று மேலே சொல்லிவிட்டோம். வேண்டுமென்றே வெட்டிய பல்லுக்குக் கருக்கு என்று நெல்லறுக்கிறவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பனைமட்டையின் ஓரத்தில் இருப்பதும் அதுவே. கருக்குக் கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்டினால் பல்லின் முனைதான் மழுங்கும். உருட்டு அரத்தால் ஒவ்வொரு குழியாகப் போக வேண்டும். முகாமுக்கு அந்தக் கத்தியே வேண்டாம் என்பது என் கட்சி.

இனி ஸ்ட்ராப். மிச்சமிருக்கும் பிசிறைக் களைவதும் வாயை வழவழப்பாக்குவதும் இதன் வேலை. பழைய சலூன்களில் நாற்காலியோரம் தொங்கிய தோல்வார்தான். ‘வார்த்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தோசைக்கும் வெண்கலத்துக்கும் போய்விட்ட சொல். ‘தீட்டுவார்’ என்றார் இன்னொருவர். யார் தீட்டுவார் என்று கேட்பார்கள்.

‘தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா’ என்று திட்டுகிறோமே, மரத்தில் எப்படித் தீட்டுவது என்று யோசித்ததுண்டா? பனையேறிகளைக் கேளுங்கள். பாளை சீவும் அரிவாளுக்குச் சாதாரணக் கூர் போதாது. நாளும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். அதற்கு மரப்பலகையில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடியைத் தூவி அரிவாளைத் தேய்ப்பார்கள். பொடி இரும்பைவிடக் கடினம். மரம் மெத்தென்று அந்தப் பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலில் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்துவிட்டுக் கத்தியை இழுப்பதிலும் இதுவேதான் நடக்கிறது. பச்சையில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. ஆகவே என் முன்மொழிவு: பலகைக்குத் தீட்டுமரம், தோலுக்குத் தீட்டுப்பட்டை, செய்கைக்குப் பட்டையிழுப்பு. இழுப்பு என்பதிலேயே திசை வந்துவிடுகிறது; தள்ளாதே என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

வாணியம்பாடியிலிருந்து:

ஐயா, தீட்டுமரத்துக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். பட்டைதான் இடிக்கிறது. தோல் ஊர்க்காரர்களுக்குப் பட்டை என்றால் ஆவாரம்பட்டை. குரோம் உப்பு வருமுன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தானே பதனிட்டார்கள். அந்தத் தோலையும் குரோம் தோலையும் பெயர் பிரிக்க எங்களுக்குப் பட்டை வேண்டும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊறுகாய், சுடுசோறு வரிசையில் ‘இழுதோல்’ என்றால் என்ன? வினைத்தொகை, நாலே எழுத்து.

எந்தத் தோல் என்பதையும் தம்பி எழுதிவிட வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷூவின் மேல்பக்கத்துக்குப் போகிற குரோம் தோல் மெத்தென்று இருக்கும், நீளும். கத்தி அழுந்தும்போது தோல் உள்வாங்கி, வாயைச் சுற்றி எழும்பிக் கூரை உருட்டிவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட விறைப்பான துண்டை மரச்சட்டத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது. அதே தோலில் உறை செய்தால் மட்டும் கவனம்: ஈரக் கத்தியைச் சொருகி இரவெல்லாம் விட்டால் காலையில் துரு நிற்கும். கார்பன் ஸ்டீல் என்றால் கேட்கவே வேண்டாம். மலையில் கத்தி உறைக்கு வெளியே காய்ந்துவிட்டு உள்ளே போகட்டும்.

வேலூரிலிருந்து:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ‘கூர்மையாக்கல்’ முழுவதையும் எடுத்துவிட்டேன். இழுதோல் உள்ளே வந்துவிட்டது. இழுப்பு என்றால் மூச்சிரைப்பு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால் பெயர்ச்சொல்லாக வைக்காமல் ‘இழுதோலில் இழு’ என்று வினையாகவே விட்டிருக்கிறேன். திருத்திய பத்தி:

‘சமையல் முடிந்ததும் கத்தியைத் துடை. எலுமிச்சையோ புளியோ தக்காளியோ பட்டிருந்தால் கழுவித் துடை. பிறகு இழுதோலில் இரு பக்கமும் மாறி மாறி இழு: முதுகு முன்னால், வாய் பின்னால், அழுத்தாமல். தினமும் இதைச் செய்தால் கல்லுக்கு வேலை குறையும். அதற்கும் வெட்டவில்லையென்றால் தீட்டு. கல் கொண்டுவராதவர்கள் தட்டையான பலகையில் 1000 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி அதில் இழுக்கலாம். அதுவும் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு ஏறாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தீட்டு. கண்ட பாறையிலும் தேய்க்காதே, மணி பெரிதாக இருந்தால் வாய் ரம்பமாகிவிடும். கத்தியால் தீயைக் கிளறாதே. வாயில் நீலம் பாய்ந்தால் துவைச்சல் போயிற்று. அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.’

வெங்கச்சங்கல்லை ஏலகிரியிலேயே பொறுக்கிக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏலகிரிப் பாறை ‘சயெனைட்’ (syenite) என்ற வகை, சயனைடு நஞ்சு அல்ல. அதில் குவார்ட்ஸ் சொற்பம். பொடியை வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவோ தீ மூட்டவோ கூடாது என்பது கத்திப் பகுதிக்கு முன்பக்கத்திலேயே தனிக் கட்டத்தில் வருகிறது.

‘துவைச்சல்’ (இரும்பைக் காய்ச்சித் தோய்த்து ஏற்றுகிற உறுதி) கொல்லர் பட்டறைச் சொல்லாயிற்றே, அடிக்குறிப்பு வேண்டுமா? வாயை நோக்கிச் சாய்த்துத் தீட்டிய பக்கமான ‘பெவல்’லுக்குச் சரிவு வைத்துவிட்டேன். வாயோரம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கோணத்தில் போடுகிற ‘மைக்ரோ பெவல்’தான் பாக்கி. நுண்சரிவு என்றால் கோணம் சிறியது என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் கோணம் பெரியது, அகலம்தான் சிறியது. ‘வாய்ச்சரிவு’, ‘இரண்டாம் சரிவு’ இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

வாய்ச்சரிவு. இரண்டாவது என்று எழுதினால் முதலாவது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பான். துவைச்சலுக்கு அடிக்குறிப்பு வேண்டாம் தம்பி, அரிவாள் வாங்குகிற வீடுகளில் தெரியாதவர் இல்லை. தெரியாத பிள்ளை வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும்.