கட்டைவிரல் இல்லாதவன் சீட்டில் ஏமாற்றினானா?

எருமைமேய்ப்பன்:
வேறொரு திரியில் பகடைக்காடு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பகடை உருட்டிக் கதாபாத்திரமாக நடிக்கும் ரூன்குவெஸ்ட் ஆட்டத்தில், அதன் கற்பனை உலகமான க்ளோராந்தாவிலுள்ள ப்ராக்ஸ் என்ற வறண்ட நிலத்து நாடோடிகளாக அவரது குழு ஆடுகிறதாம். புராணப் பயணம் போய், அந்நாடோடிகளின் தெய்வமான வாஹாவின் உடன்படிக்கைப் புராணத்துக்குள் புகுந்தார்களாம். அங்கே மோரோகாந்த் என்ற விலங்கினத்தான் குலுக்கல் சீட்டில் ஏமாற்றியதை ஒரு வீராங்கனை கையும் களவுமாகப் பிடித்தாளாம். மறுபடி சீட்டெடுக்க வைத்தார்களாம், மனிதர்கள் வென்றார்களாம். திரும்பி வந்து பார்த்தால் மோரோகாந்தின் மந்தை மனிதர்கள் அத்தனை பேருக்கும் புத்தி வந்து நின்றதாம். "புராணப் பயணத்தை இப்படித்தான் நடத்த வேண்டும்" என்று முத்தாய்ப்பு வேறு.

அந்தப் புராணம் இதுதான். பேரிருள் என்ற அழிவுக் காலத்துக்குப் பிறகு ப்ராக்ஸில் எல்லோருக்கும் போதுமான தீனி இல்லை. ஆகவே வாஹா மனிதரையும் மற்ற இனங்களையும் எதிரெதிரே நிறுத்திச் சீட்டெடுக்க வைத்தான். தோற்றவர் புத்தியிழந்து புல் மேய்வார், வென்றவர் அவரை மேய்த்து உண்பார். காட்டெருமை, இம்பாலா, சேபிள் மான், உயர் லாமா எல்லாம் தோற்றன. டேபிரைப் போல மூக்கு நீண்ட மோரோகாந்த் மட்டும் மனிதரை வென்றது. இன்றைக்கும் அது மனித மந்தை மேய்க்கிறது. ப்ராக்ஸ் முழுவதும் நிற்பது இந்த ஒரு கதையின் மேல்தான்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. மோரோகாந்துக்குக் கட்டைவிரல் கிடையாது. கட்டைவிரல் இல்லாதவன் எப்படிச் சீட்டை மாற்றினான்?

பகடைக்காடு:
என் பெயரில் ஒரு திரியே தொடங்கிக் கௌரவித்த எருமைமேய்ப்பன் ஐயாவுக்கு நன்றி. மோரோகாந்த் ஏமாற்றினான் என்பது என் கற்பனை அல்ல. மற்ற இனத்தார் காலங்காலமாகச் சொல்லும் பழி அது. நான் அதை ஆட்டத்தில் எடுத்துப் பயன்படுத்தினேன். மூக்கால் மாற்றியிருக்கலாம். ஆவியை ஏவி மாற்றியிருக்கலாம். அவன் மந்திரவாதி ஐயா, பேருந்து நிலையத்துச் சீட்டாட்டக்காரன் அல்ல.

என் மேசையில் நாலு பேர் இரவு சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மேசையில் எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்பதை அங்கே ஆடியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

புதுப்பகடை:
வணக்கம். நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். புராணப் பயணம் என்றால் சரியாக என்ன? சாதாரணச் சாகசத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

எருமைமேய்ப்பன்:
மூக்கால் மாற்றினானாம்! சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன் வாஹா. கசாப்புக்கார தெய்வம். புயல் காளையின் மகன். எந்த விலங்கின் எந்த எலும்பு எங்கே பொருந்தும் என்று அறிந்தவன். அவன் கண்முன்னே ஒரு மூக்கு நீண்டு சீட்டைத் தூக்கினால் தெரியாமல் போய்விடுமா? அப்படியானால் உங்கள் கதையில் வாஹா குருடனா, உடந்தையா? இரண்டில் எதைச் சொன்னாலும் காட்டெருமை இனத்தான் உங்களைக் கூடாரத்துக்குள் விடமாட்டான்.

இன்னொன்று. தெய்வங்களின் காலத்துக்குள் போவது துப்பறியப் போவதற்காக அல்ல. முன்னோர் நடந்த தடத்தில் நீ நடக்கிறாய். வாஹா பட்ட இடத்தில் நீயும் படுகிறாய். கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் உன் இனம் தன் மந்திர சக்தியை உனக்கு அனுப்புகிறது. நீ தோற்றால் அந்தச் சக்தியும் போகும், அவர்களும் நோவார்கள். அதனால்தான் எவனும் விளையாட்டாகப் போவதில்லை. கதையை மாற்றிப் பார்ப்போமே என்று கிளம்பியவர்கள் கடவுளறிஞர்கள் என்ற மந்திரவாதிகள். இரண்டாம் யுகத்தில் இரண்டு நாட்டுத் தானிய தெய்வங்களை இடம் மாற்றி வைத்தார்கள். இரண்டு பக்கமும் நாசம். பகடைக்காடு தன் மேசையில் செய்தது அதே வேலைதான், சாப்பாட்டை மறந்து.

குளிர்மேகம்:
இருவரும் ஒரே கதையை வைத்துச் சண்டையிடுவதுதான் வேடிக்கை. அது ஒரே கதை என்று யார் சொன்னது? நம் உலகத்தில், கிழக்கு ஆப்பிரிக்க மாசாய் மக்கள் உலகத்து மாடுகள் அனைத்தையும் தங்கள் கடவுள் எங்கை தங்களுக்கே தந்ததாக நம்பினார்கள். ஆகவே பக்கத்து இனத்தின் மாட்டை ஓட்டி வருவது களவல்ல, சொந்தப் பொருளை மீட்பது. பறிகொடுத்தவன் வீட்டில் அதே கதை வேறு மாதிரி ஓடும். மோரோகாந்தின் கூடாரத்தில் கேட்டால் "நியாயமாக வென்றோம், தோற்றவன் அழுகிறான்" என்பார்கள். நாடோடி இனத்தை ஆட்டத்தில் கொண்டுவரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். எந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து கதை கேட்கிறோம்?

பகடைக்காடு, உங்களிடமும் ஒரு கேள்வி. மந்தை மனிதருக்குப் புத்தி வந்தது சரி. மறுநாள் காலை அவர்கள் எதைத் தின்றார்கள்? புத்தி வந்தவனால் புல் மேய முடியாது. மேய்க்க அவர்களிடம் விலங்கும் இல்லை. பசிதான் அந்த உடன்படிக்கைக்கே காரணம்.

பகடைக்காடு:
குளிர்மேகம் அக்கா, நல்ல கேள்வி. அடுத்த ஆட்டமே அதுதான். பசியோடு நிற்கும் ஒரு புது இனம், சுற்றிலும் பகை. இதைவிட ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு வேறென்ன வேண்டும்?

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கதை மாறவே கூடாது என்றால் முதல் யுகத்து வீரன் ஹார்மாஸ்ட்டை என்ன செய்வீர்கள்? ஒளிகொணர்வோர் பயணம் போனான். புயல் தெய்வம் ஆர்லாந்த், தான் கொன்ற சூரிய தெய்வம் யெல்மை நரகத்துக்குள் இறங்கி மீட்டு வந்த அதே தடம். திரும்பி வந்தபோது ஹார்மாஸ்ட்டோடு வந்தவன் யெல்ம் அல்ல, ஆர்க்காட் என்ற வீரன். இரண்டாம் முறை போனான், டாலோர் என்ற வேறொரு வீரன் வந்தான். தடம் ஒன்று, கிடைத்தது வேறு. இதையும் நாசம் என்பீர்களா?

எருமைமேய்ப்பன்:
ஹார்மாஸ்ட் தடத்தை மாற்றவில்லை. அவன் ஆர்லாந்தாகவே நடந்தான். நரகத்தில் நின்று யெல்மிடம் "நான் உன்னைக் கொன்றது தவறே அல்ல, நீதான் ஏமாற்றினாய்" என்று வாதாடி மறு தீர்ப்பு வாங்கவில்லை. உங்கள் வீராங்கனை வாங்கினாள். இந்த வேறுபாடு தெரியாதவர் ஹார்மாஸ்ட்டின் பெயரை எடுக்காமல் இருப்பது நல்லது.

கட்டைவிரலுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்றாம்பதிப்பு:
இத்தனை கூச்சலையும் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. 1978 முதல் பதிப்பு வந்த காலத்திலிருந்தே புராணப் பயணத்துக்குத் தனி நூல் வரும், வரும் என்றார்கள். வரவில்லை. அதற்கென்று வைத்திருந்த 'ஹீரோகுவெஸ்ட்' என்ற பெயரை 1989-இல் ஒரு பலகை ஆட்டம் கொண்டுபோனது. கடைசியில் 2000-இல் 'ஹீரோ வார்ஸ்' என்ற வேறு பெயரில், வேறு விதிகளோடு வந்தது. விதியே வராத காலத்தில் அவரவர் மேசையில் அவரவர் நடத்தியதுதான் விதி. இதில் யார் யாருக்குப் பாடம் எடுப்பது?

எருமைமேய்ப்பன்:
வந்துவிட்டாரா! க்ளோராந்தாவை ஓரங்கட்டிவிட்டுக் கற்பனை ஐரோப்பாவை நடுவில் வைத்த 1984 மூன்றாம் பதிப்பைத் தலையில் தூக்கி ஆடுபவர் ப்ராக்ஸைப் பற்றிப் பேசுவது காலத்தின் கோலம். போன முறை அதை வெளியிட்ட அவலான் ஹில்லின் பெட்டி விலையைப் பற்றி வாதிட்டு நடுவில் காணாமல் போனவர்தானே நீங்கள்?

மூன்றாம்பதிப்பு:
காணாமல் போகவில்லை. உங்கள் பதிவின் நீளத்தைப் பார்த்துத் தூங்கிவிட்டேன்.

புதுப்பகடை:
மன்னிக்கவும், மறுபடி கேட்கிறேன். புராணப் பயணம் என்றால் கதாபாத்திரம் கனவில் போவதா, உடலோடு போவதா?

குளிர்மேகம்:
தம்பி, இரண்டும் உண்டு. சடங்கு செய்து மறு உலகத்துக்குள் போவது ஒரு வகை. இந்த உலகத்திலேயே புராணத்தை நடித்துக் காட்டுவது இன்னொரு வகை. அதில் உன் பக்கத்து ஊர்ப் பகைவனே எதிரி தெய்வத்தின் வேடத்துக்குள் இழுக்கப்பட்டு வந்து நிற்பான், அவனுக்கு விருப்பம் இல்லாவிட்டாலும். இவர்கள் இருவரும் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

நான் நடத்தும்போது பெரிய புராணத்தைத் தொடுவதற்கு முன் சிறிய சடங்கு ஒன்றை மேசையில் நடக்க வைப்பேன். ப்ராக்ஸ் நாடோடிக்கு 'அமைதி வெட்டு' என்று ஒரு திறமை உண்டு. கொல்லும் விலங்கின் உயிரை மந்தைகளின் தாய்த் தெய்வமான எய்ரித்தாவிடம் திருப்பி அனுப்பும் முறை. இதற்கு மங்கோலிய மேய்ப்பர் ஆடு அறுக்கும் விதத்தை எடுத்துக்கொண்டேன். ஆட்டை மல்லாத்திப் பிடித்து, நெஞ்சுக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு மட்டும் கீறி, உள்ளே கை விட்டு முதுகெலும்பை ஒட்டிய பெருநாடியை விரலால் அறுப்பார்கள். ரத்தம் தரையில் சிந்தாது, வயிற்றுக்குள்ளேயே தேங்கும். பிறகு அதை அள்ளிக் குடலில் நிரப்பிச் சமைப்பார்கள். ஆட்டக்காரரிடம் இதை மெதுவாக விவரித்துவிட்டு, "அதன் கண் உன்னைப் பார்க்கிறது, என்ன சொல்கிறாய்?" என்று கேட்பேன். அதற்கு ஒருவர் பதில் சொல்லிவிட்டால் வாஹாவாக நடக்க அவர் தயார். பகடை பிறகு உருளட்டும்.

எருமைமேய்ப்பன்:
விரலால் அறுப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெருநாடியை எட்டிப் பிடித்து அறுக்கக் கட்டைவிரல் வேண்டும். மோரோகாந்த் அதை எப்படிச் செய்வான்? செய்ய மாட்டான், வேலைக்கு மனித அடிமையைத்தான் கூப்பிடுவான். பகடைக்காடு கவனிக்கட்டும்.

அது போகட்டும், ப்ராக்ஸ் மங்கோலியா அல்ல. மங்கோலியனுக்குக் குதிரைதான் உயிர். ப்ராக்ஸில் குதிரை என்றால் அருவருப்பு. உடன்படிக்கையில் குதிரைக்கு இடமே இல்லை. நாடோடி என்றதும் எல்லோரும் செங்கிஸ்கானைக் கொண்டுவந்து காட்டெருமை மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

குளிர்மேகம்:
நான் குதிரை என்ற சொல்லையே எழுதவில்லை. ஆட்டை எழுதினேன்.

மூன்றாம்பதிப்பு:
குதிரை என்றதும் நினைவுக்கு வருகிறது. பகடைக்காடு தன் பழைய பதிவில் அந்த வீராங்கனை "சேணத்திலிருந்து குதித்துச் சீட்டைப் பிடுங்கினாள்" என்று எழுதியிருந்தார். எந்த விலங்கின் சேணம்?

பகடைக்காடு:
குதிரைதான். அவள் போல்-ஜோனி. ப்ராக்ஸில் குதிரை ஏறும் இனம் அது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

எருமைமேய்ப்பன்:
இப்போது பூனை வெளியே வந்தது! மலைநாட்டு ஆர்லாந்த் வழிபாட்டுக்காரர்களின் வழியில் வந்த போல்-ஜோனிப் பெண், குதிரையில் ஏறிக்கொண்டு, குதிரைக்கு இடமே இல்லாத உடன்படிக்கைக்குள் நுழைந்து, வாஹாவின் சீட்டுக்குத் தீர்ப்புச் சொன்னாள். எய்ரித்தாவின் புனிதத் தலமான பாப்ஸுக்குள் அந்தக் குதிரையோடு போக முடியுமா? சடங்கை எங்கே செய்தீர்கள்? யார் செய்தார்கள்? எந்தப் பூசாரி ஒப்புக்கொண்டாள்? கட்டைவிரலை விட்டுவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் இருக்கிறது, இதுவும் சேர்ந்தது.

பகடைக்காடு:
அந்நியள் என்பதால்தான் அவள் கண்ணுக்கு ஏமாற்று தெரிந்தது. உள்ளேயே பிறந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். இது ஒரு நல்ல கதைத் திருப்பம் என்று ஒருவருக்குமே தோன்றவில்லையா? விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தோன்றாது. உங்கள் கடைசித் தொடர் ஆட்டம் ஏன் பாதியில் நின்றது என்று இப்போது புரிகிறது. ஆட்டக்காரர் எதைச் செய்தாலும் "வாஹா இப்படிச் செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம்.

எருமைமேய்ப்பன்:
அது நின்றதற்குக் காரணம் இருவருக்கு வேலை மாற்றல் வந்தது. உங்களுக்குச் சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர் இந்தத் திரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். வந்து பேசட்டும்.

மூன்றாம்பதிப்பு:
நான் சொல்லவில்லை.

எருமைமேய்ப்பன்:
உங்களை யாரும் சொல்லவில்லையே.

குளிர்மேகம்:
பகடைக்காடு, அந்த மந்தை மனிதர்கள் எத்தனை பேர்? அருகில் நீர் எங்கே இருக்கிறது? ஜோலா ஃபெல் ஆற்றங்கரைக்கு நடந்து போனால் அங்கே பாவிஸ் நகரம். க்ளோராந்தா ஆண்டுக்கணக்கில் 1610-இல், படையெடுத்து வந்த நிலாப் பேரரசு பிடித்த ஊர். பசித்த கூட்டம் ஒன்று வந்து நின்றால் பேரரசுக்கு இலவச அடிமைகள். மோரோகாந்திடமிருந்து விடுபட்டு நிலாக்காரனிடம் மாட்டுவார்கள். இதையாவது யோசித்தீர்களா?

பகடைக்காடு:
அக்கா, 1610-க்கு முன்னால்தான் என் ஆட்டம் நடக்கிறது.

எருமைமேய்ப்பன்:
முன்னால் என்றால் எந்த ஆண்டு? ஆண்டைச் சொல்லுங்கள். உங்கள் முதல் பதிவில் பாவிஸ் வாசலில் நிலாப் படை வரி வசூலித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பகடைக்காடு:
அது வேறு குழுவோடு ஆடிய ஆட்டம்.

எருமைமேய்ப்பன்:
அதிலும் அதே போல்-ஜோனிப் பெண்தானே வருகிறாள்? அதே குதிரையில்?