மான்கள் இணைசேரும் காலத்தைக் குறிப்பது எது: குளிரா, நிலவா, பகல் நீளமா?

காட்டுவழி:
வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குளிர் இறங்கினால்தான் ஆண்களுக்கு மதம் ஏறும் என்கிறார்கள் சிலர். இலையுதிர்காலப் பௌர்ணமிதான் கணக்கு என்கிறார்கள் வேறு சிலர். பகல் குறைவதுதான் காரணம் என்றால், புள்ளிமான் மட்டும் ஏன் வருஷம் முழுக்கக் குட்டி போடுகிறது?

பிணைமான்:
பகல் நீளம்தான். பகல் குறையக் குறைய, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நேரம் நீள்கிறது. வருஷத்தில் எந்தக் கட்டம் இது என்பதை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதை வைத்தே கணிக்கிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக ஆணின் விதைப்பைக்கும் பெட்டையின் சூலகத்துக்கும் உத்தரவு போகும். ஆணிடம் இது முதலில் தெரிவது கொம்பில். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் கொம்பை மூடிய மென்தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று, தோல் நார்நாராகக் கிழிந்து தொங்கும். அடியில் ரத்தக்கறையோடு எலும்பு தெரியும். பிறகு கழுத்து தடிக்கும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஆண் மாதக்கணக்கில் தயாராகவே நிற்கும். தேதியை முடிவு செய்வது பெட்டை. அதன் சினைப்பருவம், அதாவது ஆணை ஏற்கும் நேரம், 24 முதல் 48 மணி நேரம்தான். தப்பினால் அடுத்தது சுமார் 28 நாள் கழித்து.

வெளிச்சத்தை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனையும் உண்டு. ரிச்சர்ட் காஸ் என்ற ஆய்வாளர் கிழக்காசியாவின் சிக்கா மான்களைச் செயற்கை வெளிச்சத்தில் வைத்து, ஒரு வருஷத்துப் பகல் மாற்றத்தை 6 மாதத்துக்குள் சுருக்கினார். கொம்பு வருஷத்துக்கு இரண்டு முறை விழுந்து முளைத்தது.

காட்டுவழி:
சரி, ஆனால் குளிர் அலை வந்த மறுநாளே துரத்தல் அதிகமாகத் தெரிகிறதே?

தடம்பார்ப்பவர்:
தெரிவது வேறு, நடப்பது வேறு. அதற்குள் குளிர்கால ரோமம் வந்துவிடும். வெயில் அடித்தால் உடம்பு சூடேறுவதால் மான் இருட்டில் நடமாடும். குளிர்ந்தால் பகலிலும் ஓடும். நம் கண்ணில் படுவது அந்தப் பகல் ஓட்டம் மட்டுமே.

நிலவுக் கணக்கும் நிற்காது. நவம்பர் பௌர்ணமி ஒரு வருஷத்திலிருந்து அடுத்ததற்குப் பதினோரு நாள் வரை முன்னே நகரும், சில வருஷம் பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னே தள்ளும். குட்டி போடும் உச்சம் அப்படி ஊசலாடுவதில்லை.

சரிபார்க்க எளிய வழி: வெள்ளைவால் மானின் சினைக்காலம் சுமார் 200 நாள். குட்டிகள் பெரும்பாலும் ஜூன் 1-ஐ ஒட்டிப் பிறந்தால், 200 நாள் பின்னே போங்கள். நவம்பர் 13 வரும். குட்டியைக் கண்ட தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். பிறந்து சில வாரம் அது புதரில் அசையாமல் படுத்துக் கிடக்கும், தாயோடு வெளியே வரும்போதுதான் கண்ணில் படும். குட்டிகள் இரண்டு கொத்தாக, ஏறக்குறைய 28 நாள் இடைவெளியில் பிறந்தால், முதல் பருவத்தில் பல பெட்டைகள் சினை பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆண்கள் போதாத இடத்தில் இது நடக்கும். ஒரு வயதுகூட ஆகாத பெட்டைகளும் தாமதமாகத்தான் பருவத்துக்கு வரும், அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

கொம்புக்கணக்கு:
புள்ளிமான் கேள்வியை யாரும் தொடவில்லை. வெப்பமண்டலத்தில் பகல் நீளம் அவ்வளவாக மாறாது, எந்த மாதம் பிறந்தாலும் குட்டிக்கு உறைபனி ஆபத்தும் இல்லை. அதனால் கடிகாரம் தளர்வு. ஒரே கூட்டத்தில் ஓர் ஆணுக்குக் கொம்பு முற்றியிருக்கும், பக்கத்தில் நிற்பதற்கு இன்னும் மென்தோல் உரியாமல் இருக்கும். சில மாதங்களில் பிறப்பு கூடும், அவ்வளவே. டெக்சாஸில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்களும் எல்லா மாதங்களிலும் குட்டி போடுகின்றன. அந்த இனத்தின் சுபாவம் அது. ஐரோப்பாவிலிருந்து நியூசிலாந்து போன செம்மான் நேர்மாறு: செப்டம்பர், அக்டோபரில் இணைந்தது, பருவங்கள் தலைகீழான அங்கே மார்ச், ஏப்ரலுக்கு மாறிக்கொண்டது.

வித்தியாசமான ஆள் ஐரோப்பாவின் சிறிய ரோ மான். ஜூலை, ஆகஸ்டிலேயே இணைசேர்ந்துவிடும். ஆனால் கரு கருப்பையில் ஒட்டாமல் ஏறக்குறைய 5 மாதம் வளர்ச்சி மந்தப்பட்டுக் கிடந்து, வருஷம் திரும்பும் சமயத்தில்தான் பதிகிறது. குட்டி மே, ஜூனில். மற்ற மான்களுக்குச் சொன்ன கழித்தல் கணக்கை இதற்குப் போட்டால் தேதி தப்பும்.