கம்பெனி வைத்த கோச் கேள்வி மட்டும்தான் கேட்கிறார், இது சரிதானா?

திருச்சிக்காரன்_டர்பன்:
வணக்கம். தென் ஆப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கிடங்கில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த என்னை மார்ச்சில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஆக்கினார்கள், இப்போது 22 பேர் என் பொறுப்பு. கூடவே எச்.ஆர். ஒரு கோச்சையும் ஏற்பாடு செய்தது, ஒரு மணி நேரம் வீதம் ஆறு சந்திப்பு. ஊரில் பேங்க் எக்ஸாம் கோச்சிங் சென்டரைப் பார்த்து வளர்ந்தவன் நான், யாரோ வந்து பாடம் எடுப்பார்கள் என்று நினைத்துப் புது நோட்டெல்லாம் வாங்கி வைத்தேன். இரண்டு சந்திப்பு முடிந்துவிட்டது, நோட்டில் ஒரு வரி இல்லை. "டீம் லீடர் தினமும் பிக்கிங் லிஸ்டை (ஆர்டருக்கு எடுத்து வைக்க வேண்டிய சரக்குப் பட்டியல்) தாமதமாக முடிக்கிறார், என்ன செய்யலாம்?" என்று கேட்டால், "இதைப் பற்றி அவரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று அந்த அம்மா என்னையே திருப்பிக் கேட்கிறார். பதிலும் நானே சொல்வதற்கு கோச் எதற்கு? இது போதாதென்று, போன வாரம் எச்.ஆரில் இருந்து "உள்ளே என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். சொல்லலாமா, கூடாதா?

சாட்ஸ்வர்த்_அக்கா:
தம்பி, நானும் இதே தொழில்தான், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். யோசனை சொல்லாமல் இருப்பது அவருடைய சோம்பல் இல்லை, வேலையே அப்படித்தான். தன் அனுபவத்தை எடுத்துச் சொல்ல மென்டர் இருக்கிறார், கோச் அதைச் செய்ய ஆரம்பித்தால் ஆறு சந்திப்பு முடிந்ததும் நீங்கள் ஏழாவதுக்குப் போன் போடுவீர்கள்.

இந்தப் பாணி டென்னிஸ் மைதானத்தில் இருந்து வந்தது. டிமதி கால்வே என்று டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற ஒரு அமெரிக்கர், 1974இல் அவருடைய புத்தகம் வந்தது. முழங்கையை இப்படி வை, காலை அப்படி வை என்று திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் இன்னொரு சொல், சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடு என்பார். கவனம் பந்துக்குப் போய்விடும், தப்பாக அடித்துவிடுவோமோ என்ற பயம் விலகும், கை தன்னால் சரியாகும். இதையே ஆபீசுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்று நாலு படி, இங்கிலீஷில் அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'குரோ' என்பார்கள். (இதை வாய்ப்பாடு மாதிரி வரிசையாக ஒப்பிக்கிற கோச்சைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வரும், அது வேறு விஷயம்.) உங்கள் கோச் கேட்டது இரண்டாவது படி. "என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்கவில்லை பாருங்கள், "என்ன சொல்லியிருக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இங்கே எழுதவே இல்லையே?

நம் ஆட்களுக்கு இது உறுத்துவது எனக்குப் புரிகிறது. யோசனை சொல்லாத பெரியவரைப் பெரியவராகவே நாம் ஒப்புக்கொள்வதில்லை. என் மாமியார் இங்கேயே பிறந்தவர், தமிழில் சாமி பாட்டு தெரியும், பேச்சு எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனாலும் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவார்.

எச்.ஆர். விஷயம்: பணம் கொடுப்பது கம்பெனி, பேசுவது நீங்கள். அதனால் எது கம்பெனிக்குப் போகும், எது போகாது என்று ஆரம்பத்திலேயே மூன்று பேரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் போவது வருகைக் கணக்கும், எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட இலக்கும்தான். பேசின பேச்சு போகாது, சட்டப்படி கேட்டாலோ யார் உயிருக்காவது ஆபத்து என்றாலோ தவிர. அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா?

மிட்ராண்ட்_மணி:
அக்கா சொல்வது ஏட்டில் சரி. என் பழைய கம்பெனியில் மூன்று பேருக்கு கோச் வைத்தார்கள், மூன்று பேருமே ஏற்கெனவே பாஸுடன் உரசல் உள்ளவர்கள், வருடம் முடிவதற்குள் இரண்டு பேர் வெளியே. "கோச்சிங் கொடுத்தும் திருந்தவில்லை" என்று கோப்பில் எழுத ஒரு சாக்கு, அவ்வளவுதான். உங்களுக்குப் பதவி உயர்வோடு கொடுத்திருக்கிறார்கள், அதனால் கதை வேறாக இருக்கலாம், ஆனாலும் எச்.ஆரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. இந்த நாட்டில் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட வேண்டுமானால் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச் என்று மாட்ட ஒன்றும் வேண்டாம், நாளைக்கு நானே மாட்டலாம். அதனால் அவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கோச்களுக்கான ஐசிஎஃப் என்ற உலக அமைப்பில் முதல் நிலையான ஏசிசிக்கே 60 மணி நேரப் படிப்பும், ஆட்களோடு உட்கார்ந்த 100 மணி நேர அனுபவமும் கேட்பார்கள். அடுத்ததான பிசிசிக்கு 125, 500. இங்கேயே கொமென்சா என்ற அமைப்பும் இருக்கிறது. வார இறுதியில் இரண்டு நாள் ஹோட்டலில் உட்கார்ந்து வாங்கிய சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிற ஆளையும் பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_அக்கா:
மணி சொல்வது நடக்கிறதுதான், மறுக்க மாட்டேன். ஆளை அனுப்ப முடிவெடுத்துவிட்ட கம்பெனி கூப்பிட்டால் நான் போவதில்லை. ஆனால் அதை முன்கூட்டியே நம்மிடம் யாரும் சொல்வதில்லையே.

திருச்சிக்காரன்_டர்பன்:
மூன்றாவது சந்திப்பு நேற்று முடிந்தது, அதனால்தான் தாமதம். அக்கா கேட்டதற்குப் பதில்: அன்று அந்த அம்மாவிடம் "பலமுறை சொல்லிவிட்டேன்" என்றேன். "கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன, அப்படியே சொல்லுங்கள்" என்றார். யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்த டீம் லீடருக்கு என்னைவிட இருபது வயது அதிகம், ஜூலு பேசுகிறவர், இங்கே வழக்கப்படி நானும் அவரை பாபா, அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் குறை சொல்ல வாய் வராமல், ராத்திரி எட்டு மணிக்கு லிஸ்டை நானே முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கத்தியிருக்கிறேன்.

நேற்று அந்த அம்மா "பாபா" என்று கூப்பிட்டுக்கொண்டே இதை எப்படிக் கேட்பீர்கள் என்றார். அரை மணி நேரம் ஆயிற்று, நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்று கேவலமாக இருந்தது.

ஒப்பந்தத் தாளை எச்.ஆரிடம் கேட்டேன். அப்படி ஒன்று இல்லையாம், தயார் செய்து தருகிறோம் என்கிறார்கள். கோச்சிடம் படிப்பு பற்றிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் பிசிசி என்றார். பாபாவோடு நாளை காலை டீ நேரத்தில் பேசப் போகிறேன். நோட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மகன் கணக்குப் போட எடுத்துக்கொண்டான்.